ஒத்திகைக்கும் மேடைக்கும் ஒரு பேஸ் கேபினெட்: ஃபெண்டர் ரம்பிள் 112

பேஸ் கிட்டார் வாங்குபவர்கள் கருவியையும் ஆம்ப் ஹெட்டையும் (ஒலியைப் பெருக்கும் கருவி) தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஆனால் ஸ்பீக்கர் பொருத்திய பெட்டியான கேபினெட் என்று வரும்போது கையில் மிஞ்சிய பணத்துக்குக் கிடைப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விரல் நுனியின் அழுத்தமும் ஹெட்டில் செய்யும் நுட்பமான திருத்தங்களும் கடைசியில் காதுக்கு வந்து சேர்வது ஒரு காகிதக் கூம்பும் ஒரு மரப்பெட்டியும் சேர்ந்து அசைக்கும் காற்றின் வழியாகத்தான் என்பதால், குறைந்த செலவில் வாங்குபவர்தான் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஒத்திகை அறையிலும் திருமண மண்டபத்திலும் நான் பயன்படுத்திவரும் ஃபெண்டர் ரம்பிள் 112 கேபினெட்டை முன்வைத்து, அதே விலை வட்டாரத்தில் உள்ள மற்றவற்றையும் ஒப்பிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு தந்தி பேஸ் வாசிப்பவர், பெரும்பாலும் சவுண்ட் சர்வீஸ் உள்ள மேடைகளில் ஏறுபவர் என்றால், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட, 8 ஓம் மின்மறுப்புள்ள (ஆம்புக்குப் பெட்டி காட்டும் மின் எதிர்ப்பு) இப்படிப்பட்ட ஒரு பெட்டியே முதலில் வாங்கத் தக்கது.

நம் மேடைகளில் கேபினெட்டின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோயில் திருவிழா, திருமண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா எதுவானாலும் பேஸ் கிட்டாரின் ஒலி டிஐ பெட்டி (கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு இடைக்கருவி) வழியாக மிக்சருக்குப் போய், சவுண்ட் சர்வீஸ்காரரின் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாகவே கூட்டத்தைச் சென்றடைகிறது. மேடையில் நமக்குப் பின்னால் நிற்கும் பெட்டி வாசிப்பவருக்கும், டிரம்ஸ் வாசிப்பவருக்கும், பக்கத்தில் இருக்கும் கீபோர்டு கலைஞருக்கும் கேட்டால் போதும். ஒத்திகை அறையில் நிலைமை வேறு. அங்கே இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் பாடுபவரின் குரலுக்கே போதாமல் இருக்கும். பேஸ் ஒலி முழுவதும் கேபினெட்டிலிருந்தே வந்தாக வேண்டும், அதுவும் நான்கு அடி தூரத்தில் அடிக்கப்படும் டிரம்ஸுக்கு ஈடுகொடுத்து வர வேண்டும். ஆகவே மேடையை மனத்தில் வைத்துக் கேபினெட் வாங்குவதைவிட, ஒத்திகையை மனத்தில் வைத்து வாங்குவதே சரி. டிரம்ஸோடு மூடிய அறைக்குள் தாக்குப்பிடிக்கும் பெட்டி, சவுண்ட் சர்வீஸின் துணையுள்ள மேடையில் தாராளமாகவே போதும்.

ரம்பிள் 112 என்பது 12 அங்குல எமினன்ஸ் ஸ்பீக்கர் ஒன்றும், மேல் அதிர்வெண்களுக்கு ஒரு ஹார்னும் கொண்டது. ஹார்னை அணைத்துவைக்க ஒரு சுவிட்ச் உண்டு. மின்மறுப்பு 8 ஓம். ஆற்றலை 500 வாட் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. இந்த எண்ணைப் படிக்கும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். ஸ்பீக்கர் தொழிலில் ஒரே பொருளுக்கு மூன்று வகையான வாட் எண்கள் புழங்குகின்றன. தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு ஆர்எம்எஸ். அதைப் போல இரு மடங்கை 'புரோகிராம்' என்றும், நான்கு மடங்கை 'பீக்' என்றும் அச்சிடுவது வழக்கம். ரம்பிளின் 500 என்பது புரோகிராம் எண். ஆர்எம்எஸ் கணக்கில் அதை 250 வாட்டாகவே கொள்ள வேண்டும். வேறொரு பெட்டியின் மீது 600 என்று பெரிய எழுத்தில் இருந்து, அது பீக் எண்ணாக இருந்தால், உண்மையில் அது 150 வாட் பெட்டி. விலைப்பட்டியலில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எது வலுவானது என்பதை நேர்மாறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

வாட் எண்ணைவிட முக்கியமானது, பலரும் படிக்காமல் கடந்துபோகும் இன்னொரு எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதே ஸ்பீக்கரின் உணர்திறன். ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. 94 டெசிபல் உணர்திறன் உள்ள பெட்டி 200 வாட்டில் எழுப்பும் ஒலியை, 97 டெசிபல் பெட்டி 100 வாட்டிலேயே எழுப்பிவிடும். எனவே 300 வாட் ஹெட் போதவில்லை என்று 500 வாட் ஹெட் வாங்கச் செலவிடுபவர், அந்தப் பணத்தை உணர்திறன் மிக்க ஒரு பெட்டிக்குச் செலவிட்டிருந்தால் பயன் கூடுதலாக இருந்திருக்கும்.

இனி ஒலி. நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த திறந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து தந்திக் கருவியின் தாழ்ந்த தந்தி 31 ஹெர்ட்ஸ். இந்தச் சுரங்களை அப்படியே முழு வலுவோடு எழுப்பும் பெட்டிதான் நல்ல பெட்டி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ராக் இசையின் பேஸ் ஒலிக்கே இலக்கணமாகச் சொல்லப்படும் ஆம்பெக் எஸ்விடி 810 கேபினெட்டின் அளவுகளைப் பாருங்கள்: பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு, எடை 60 கிலோவுக்கும் மேல், இருந்தும் அது 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் இறங்கியிருக்கிறது. தாழ்ந்த சுரத்தை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் இரண்டாம், மூன்றாம் மடங்கு அதிர்வுகளைக் கொண்டு. அடிப்படை அதிர்வு மெலிந்திருந்தாலும் மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. ஆகையால் 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி திடமாகவும், அதற்கு மேல் 800 வரை தெளிவாகவும் ஒலிப்பதுதான் ஒரு சிறு பெட்டியிடம் நாம் கேட்க வேண்டியது.

அந்தக் கேள்விக்கு ரம்பிள் 112 நல்ல பதில் சொல்கிறது. நடுப்பகுதி சற்றே முன்னால் நிற்கிறது. சுரம் தொடங்கும் இடம் மழுங்காமல் கேட்கிறது. தமிழ்த் திரையிசையைப் பாடும் மெல்லிசைக் குழுக்களுக்கு இது சிறிய விஷயமன்று. நம் பாடல்களில் பேஸ் கிட்டார் கார்டின் ஆதார சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருப்பதில்லை. பாடகரின் வரிகளுக்கு இடையே தனக்கென ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃபிரெட்) மேலும் ஏறிப் பாடிவிட்டு இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்காத பெட்டியில், எவ்வளவு அழகாக வாசித்தாலும் அது வெறும் முழக்கமாகவே கேட்கும். அடியில் அதிர்வு அதிகம், மேலே தெளிவு குறைவு என்ற நிலையிலுள்ள பழைய 15 அங்குலப் பெட்டிகளிலிருந்து ரம்பிளுக்கு மாறியவுடன், கீபோர்டின் இடதுகை சுரங்களிலிருந்து என் சுரங்கள் பிரிந்து கேட்டது எனக்கு மிகுந்த நிறைவளித்தது.

குறையும் இருக்கிறது. ஒத்திகையில் ஒலி போதவில்லை என்று தோன்றும்போது கை தானாக பேஸ் குமிழை நோக்கிப் போகும். இந்தப் பெட்டி அதை விரும்புவதில்லை. ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். காற்றுத்துளை வைத்த பெட்டிகளில், அந்தத் துளை சுருதி சேர்க்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கூம்பைத் தாங்கும் காற்றழுத்தம் இல்லாமல் போய், சத்தம் கூடாமலேயே கூம்பு வரம்பு மீறி ஆடும். 'டப்' என்று ஒரு தட்டல் ஓசை கேட்டால் அது எச்சரிக்கை. 250 வாட் தாங்கும் என்ற எண் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகாமல் தாங்கும் வெப்பத்தைப் பற்றியது. தாழ்ந்த சுரங்களில் அதற்கு வெகு முன்பே கூம்பு தன் நகர்வின் எல்லையைத் தொட்டுவிடும். தாழ் அதிர்வுகளைக் கூட்டாமல், நடுப்பகுதியைச் சிறிது கூட்டினால் டிரம்ஸுக்கு மேலாகக் கேட்கும்; பெட்டியும் நெடுநாள் உழைக்கும்.

பேஸ் என்றால் 15 அங்குலம்தான் என்ற நம்பிக்கை நம் வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கூம்பின் பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் அசையும் பரப்பு ஏறத்தாழ 350 சதுர சென்டிமீட்டர், 12 அங்குலத்துக்கு 530, 15 அங்குலத்துக்கு 850 அளவில் இருக்கும். பத்து அங்குலம் நான்கு சேர்ந்தால் 1400. அதாவது தனியான 15 அங்குலத்தைவிட நான்கு பத்துகள் கூடுதல் காற்றைத் தள்ளும். எவ்வளவு தாழ்வாக ஒலிக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் விட்டம் மட்டுமல்ல. ஸ்பீக்கரின் இயல்பும் பெட்டியின் கொள்ளளவும் துளையின் சுருதியும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ரம்பிள் வரிசையிலேயே 115 என்ற, 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட பெட்டியும் உண்டு. அதையும் வாசித்துப் பார்த்திருக்கிறேன். கீழே சற்று உருண்டையான ஒலி, மேலே சற்று மந்தம். பழைய ரெக்கே, சோல் பாணியில் மட்டும் வாசிப்பவருக்கு அது பிடிக்கலாம். எல்லா வகைப் பாடலும் வாசிக்க நேரும் மெல்லிசைக் கலைஞருக்கு 112 ஒத்துவரும்.

இதே வட்டாரத்தில் எண்ண வேண்டிய மற்றவை: டிசி எலக்ட்ரானிக் பிசி208, எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது, 200 வாட், 8 ஓம். தூக்குவதற்கு இதைவிட எளிதானது கிடைப்பது கடினம். வீட்டுக்கும், சிறு அரங்கில் கஹோன் (கையால் தட்டும் மரப்பெட்டித் தாளக்கருவி) அளவு தாளத்தோடு வாசிப்பதற்கும் மிக நன்று. முழு டிரம்ஸ் செட்டின் முன் தனியாக நிறுத்தினால் மூச்சு வாங்கும். ஆம்பெக் எஸ்விடி 210ஏவி, பத்து அங்குலம் இரண்டு, 200 வாட், 8 ஓம். பழைய ஆம்பெக்கின் தோற்றமும், விரும்பத்தக்க கரடுமுரடான நடு ஒலியும் கொண்டது. ராக் வாசிப்பவர் கண்ணில் பட்டால் விடாமல் வாசித்துப் பார்க்க வேண்டும். சுத்தமான, தாழ்வான ஒலி வேண்டுபவருக்கு அது உதவாது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் 8 ஓம் பற்றி. டிரான்சிஸ்டர் ஆம்புகளும், இப்போது பரவலாகியுள்ள எடை குறைந்த கிளாஸ் டி ஹெட்களும் மின்மறுப்பு குறையக் குறையக் கூடுதல் ஆற்றலைத் தருகின்றன. ரம்பிள் 500 காம்போவை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தது) எடுத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் 350 வாட் தருகிறது. வெளியே இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால் மொத்தச் சுமை 4 ஓம் ஆகி, 500 வாட் தருகிறது. இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் பெட்டிகளைச் சேர்த்தால் 2 ஓம். பெரும்பாலான ஹெட்களின் பின்புறத்தில் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். முதல் பெட்டியையே 4 ஓமாக வாங்கிவிட்டவர், பிறகு ஒன்றைச் சேர்க்கும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார். 8 ஓம் 112 ஒன்றை இன்று வாங்கி, கையில் பணம் சேர்ந்ததும் அதே மாதிரியில் இன்னொன்றை வாங்கினால், கூம்புப் பரப்பு இரட்டிப்பாவதால் ஏறக்குறைய 3 டெசிபலும், ஹெட் கூடுதலாகத் தரும் ஆற்றலால் இன்னும் 1 முதல் 3 டெசிபலும் கூடும். சிறு மேடைக்கு ஒன்று, பெரிய மேடைக்கு இரண்டு என்று பிரித்து எடுத்துப் போகும் வசதி ஒற்றைப் பெரிய பெட்டியில் ஒருபோதும் கிடைக்காது.

அதே மாதிரியில் வாங்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே மின்மறுப்புள்ள 410 பெட்டியையும் (பத்து அங்குலம் நான்கு) 115 பெட்டியையும் அடுக்கினால், ஆற்றல் இரண்டுக்கும் சரிபாதியாகப் பிரியும். நான்கு ஸ்பீக்கர்கள் பகிர்ந்துகொள்ளும் பாதியை மறுபுறம் ஒற்றை ஸ்பீக்கர் தனியே தாங்க வேண்டியிருக்கும். முதலில் கிழிவது அதுவே. இரண்டு 112 பெட்டிகளை வைக்கும்போது பக்கவாட்டில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். பக்கத்தில் வைத்தால் இரண்டிலிருந்தும் வரும் ஒலி சில கோணங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, மேடையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஒலி கேட்கும். மேலும் மேல்பெட்டி காதுக்கு அருகில் வருவதால் ஹெட்டின் ஒலியைக் குறைத்தே வாசிக்க முடியும்.

ஒற்றைப் பெட்டியோடு போகும்போது அதை ஓர் உறுதியான நாற்காலி மீதோ பெட்டி மீதோ ஏற்றிவைப்பது பெரும் வித்தியாசத்தைத் தருகிறது. தரையில் வைத்தால் முழங்காலுக்குக் கேட்கிறதே தவிரக் காதுக்குக் கேட்பதில்லை. கேட்கவில்லை என்று கூட்டிக்கொண்டே போனால் எதிரில் நிற்பவர்களுக்குத் தாங்க முடியாமல் போகிறது. திருவிழாக்களில் மரப்பலகைகளை அடுக்கிப் போடும் மேடை உள்ளீடற்றது. பெட்டியைப் பலகை மேல் நேராக வைத்தால் மேடை முழுவதும் ஒரு தோற்கருவியாகி, இரண்டு மூன்று சுரங்கள் மட்டும் பூதாகாரமாக முழங்கும். சுவரை ஒட்டி வைத்தால் தாழ் ஒலி கூடும் என்பதைச் சிறு அறையில் நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஹார்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லாப் (தந்தியைக் கட்டைவிரலால் அடிக்கும் முறை) வாசிக்கும்போது போட்டுக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் நான் அணைத்தே வைத்திருக்கிறேன். டிஸ்டார்ஷன் பெடல் பயன்படுத்துபவர்கள் கட்டாயம் அணைக்க வேண்டும், இல்லையேல் காதைக் கீறும். ஒலியைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் குமிழ் இல்லாமல், போடவும் அணைக்கவும் மட்டுமே சுவிட்ச் இருப்பது விலை குறைப்புக்காகச் செய்த சமரசம் என்று நினைக்கிறேன்.

ஒருவரே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாம். ஆட்டோவின் பின்னிருக்கையில் கிட்டார் பையோடு சேர்த்து வைக்க இடம் இருக்கும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கம்பிவலையிலும் மூலை இரும்புகளிலும் திருகுகளிலும் துரு ஏறாமல் அவ்வப்போது துடைத்துவைக்க வேண்டும். எந்தப் பெட்டியை வாங்கினாலும் அது ப்ளைவுட்டா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா என்று கேட்டறிவது நல்லது. மழைக்காலத்தில் நனைந்த தரையில் நின்ற தூள்பலகை ஓரம் உப்பிவிட்டால், திருகு பிடிக்காது. பெட்டி கிணுகிணுக்கத் தொடங்கும்.

விலையைக் குறைக்க, சவுண்ட் சர்வீஸ் பெட்டிகள் செய்யும் தச்சரிடம் கொடுத்துச் செய்துகொள்பவர்கள் நம் ஊரில் பலர். தச்சு வேலை பெரும்பாலும் அருமையாகவே இருக்கும். சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் கொள்ளளவு, எவ்வளவு அகல நீளத்தில் துளை என்பதை அந்த ஸ்பீக்கரின் அளவுகளிலிருந்து கணக்கிடும் முறையை 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும், 1970களில் ரிச்சர்டு ஸ்மாலும் வகுத்தார்கள். இன்று எந்த நல்ல ஸ்பீக்கருடனும் அவர்கள் பெயரால் வழங்கும் அளவுப்பட்டியல் கிடைக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் கணக்கிட்டு, வரைபடத்தோடு தச்சரிடம் போனால் கடைப் பெட்டிக்குச் சமமானதைச் செய்துகொள்ள முடியும். இருக்கும் ஒரு பெட்டியின் அளவைப் பார்த்து வேறொரு ஸ்பீக்கரை அதில் பொருத்துவது பணத்தை வீணாக்கும்.

பழைய பெட்டி வாங்குவதும் நல்ல வழியே. ஒரு மல்ட்டிமீட்டரோடு போங்கள். 8 ஓம் பெட்டியின் முனைகளில் 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்ட வேண்டும். 3 சொச்சம் காட்டினால் அது 4 ஓம் பெட்டி, எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. வலையைக் கழற்றி, கூம்பின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் வாங்க வேண்டாம். பிறகு தாழ்ந்த தந்தியில் ஒவ்வொரு கட்டையாக ஏறி, ஒவ்வொரு சுரத்தையும் நீள நிறுத்தி வாசியுங்கள். எங்கோ ஒரு சுரத்தில் மட்டும் கிணுகிணுப்பு வந்தால் பெரும்பாலும் தளர்ந்த திருகோ வலையோதான் காரணம். அதைச் சொல்லி விலையைக் குறைத்துப் பேசலாம். ஸ்பீக்கர் மாற்றப்பட்ட பெட்டியாக இருந்து, அதை இன்னொன்றோடு சேர்க்கும்போது ஒலி முன்பைவிட மெலிந்துபோனால், ஏதோ ஒன்றில் இணைப்பு தலைகீழாக இருக்கிறது என்று பொருள். கம்பிகளை மாற்றினால் சரியாகிவிடும்.

பெட்டியோடு ஸ்பீக்கர் கேபிளையும் வாங்கிவிடுங்கள். கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையே போடும் கேபிள், பார்வைக்கு அதே ஜாக் கொண்டிருந்தாலும், உள்ளே மெல்லிய கம்பியே இருப்பதால் சூடாகும். நாளடைவில் ஆம்பையும் பழுதாக்கலாம். ஹெட்டிலும் பெட்டியிலும் ஸ்பீக்கான் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். திருகிப் பூட்டிக்கொள்வதால் மேடையில் யாராவது கால் தடுக்கினாலும் கழன்று வராது.

ஐந்து தந்திக் கருவியில் தாழ்ந்த தந்தியை நம்பி வாசிப்பவருக்கும், டிஐ வசதி இல்லாத திறந்தவெளியில் அடிக்கடி வாசிப்பவருக்கும், மெட்டல் குழுவில் இரண்டு கிட்டார்களுக்கு ஈடுகொடுக்க வேண்டியவருக்கும் ஒற்றை 112 போதாது. அவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு வாங்கவோ, 410 பெட்டியை நோக்கிப் போகவோ வேண்டும். மற்றவர்கள் கடைக்குப் போகும்போது தங்கள் கிட்டாரையும் ஹெட்டையும் எடுத்துப் போய், குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்து, அடுத்த கச்சேரியில் வாசிக்கப் போகும் பாடல்களையே நின்றபடி, ஏழெட்டு அடி தள்ளி நின்று வாசித்துக் கேட்க வேண்டும். கடையில் டிரம்ஸ் செட் இருந்து, யாராவது உடன் வாசிக்க முன்வந்தால் தயங்காமல் கேளுங்கள். தனியாக வாசிக்கும்போது மிக இனிமையாக ஒலிக்கும் பெட்டிகளில் சில, ஸ்னேரும் சிம்பலும் தொடங்கியதும் காணாமல் போய்விடுகின்றன.